இரத்தம் பார்த்தாயிற்று, வீட்டில் யார் சொல்வது?



இந்த முறை நாங்கள் எடுத்திருக்கும் விஷயத்தைப் பார்த்ததும் சில பேர் இந்தப் பக்கத்தை மடித்து, பிள்ளைகள் கண்ணில் படாமல் தலையணைக்கு அடியில் வைத்துவிடக்கூடும். வைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. ஆனால் இராத்திரி எல்லாரும் படுத்த பிறகாவது புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து ஒருமுறை வாசித்துவிடுங்கள். பாலியல் நோய்களைப் பற்றித்தான் எழுதுகிறோம். நோயைப் பற்றிக் கொஞ்சம், நோய் இருப்பது தெரிந்த பிறகு அதை வீட்டில் சொல்வதைப் பற்றி நிறைய. எங்கள் அனுபவத்தில் ஊசி போடுவது ஐந்து நிமிஷ வேலை. வீட்டில் சொல்வதுதான் மாதக்கணக்கில் இழுபடுகிறது.

ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். தோட்டத்தின் பெயரையோ ஆட்களின் பெயரையோ போடமாட்டோம். "எழுதுங்க, எங்க பேரை மட்டும் போட்டுடாதீங்க" என்று அவர்கள் இரண்டு பேரும் சொன்ன பிறகே எழுதுகிறோம்.

அந்தத் தங்கச்சிக்கு 26 வயது. கொழுந்து பறிக்கிறவர். புருஷனுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. தீபாவளிக்கு, பொங்கலுக்கு, திருவிழாவுக்கு என்று வந்து போவார். இவர்களுடைய முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் இறந்தே பிறந்தது. அந்த முறை தங்கச்சி கிளினிக்கில் பதிந்ததே ஐந்தாம் மாதத்துக்குப் பிறகுதான். இரத்தம் எடுக்கிற அன்றைக்கு மலையில் கொழுந்து நிறைய இருந்தது. போனால் அன்றைய பேர் போய்விடும் என்று போகாமல் இருந்துவிட்டார். பிள்ளை தங்காததற்கு லயத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கண்ணூறு என்றார் ஒருவர். பொழுதுபட்ட நேரத்தில் பீலிக்கரைக்குப் போய்ப் பயந்துவிட்டாள் என்றார் இன்னொருவர். இரத்தத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அடுத்த தரம் வயிற்றில் தங்கியபோது மாமியாரே கையைப் பிடித்துக் கூட்டி வந்து எட்டாம் கிழமையிலேயே பதிய வைத்தார். அந்த அம்மாவை நாங்கள் மெச்சத்தான் வேண்டும். வழக்கம்போல இரத்தம் எடுத்தார்கள். இரத்த வகை, இரத்தக் குறைவு, சீனி இவற்றோடு வி.டி.ஆர்.எல். என்ற சோதனையும் எச்.ஐ.வி. சோதனையும் செய்வார்கள். எச்.ஐ.வி. இல்லை என்று வந்தது. வி.டி.ஆர்.எல். இருக்கிறது என்று வந்தது. இன்னொரு சோதனையும் செய்து உறுதி பண்ணிய பிறகு, குடும்பநல மாது அவரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

அவர் வாயில் வந்த முதல் வார்த்தை வயிற்றுப் பிள்ளையைப் பற்றியது அல்ல. "மிஸ்ஸி, இது அவருக்குத் தெரிஞ்சா என்னை வெட்டிப் போட்டுருவாரே" என்றார்.

அவர் ஏன் அப்படிப் பயந்தார் என்பதைப் பேசுவதற்கு முன் அந்த நோயை அறிந்துகொள்வோம். வி.டி.ஆர்.எல். என்பது சிபிலிஸ் என்ற நோயைத் தேடும் சோதனை. நம் பெரியவர்கள் மேகப்புண் என்றும் கிரந்தி என்றும் சொன்னார்களே, அந்த வகையைச் சேர்ந்தது. உடலுறவு மூலம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும். தாயிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். பொதுக் கக்கூஸில் இருந்தோ, பீலித் தண்ணீரில் இருந்தோ, ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதாலோ வராது. பக்கத்துக் காம்பராவில் ஒருவருக்கு இருந்தால் நமக்குத் தொற்றிவிடும் என்று யாரும் பயப்படத் தேவையில்லை.

இந்த நோயின் தந்திரத்தைப் பாருங்கள். கிருமி உடம்புக்குள் போய்ச் சுமார் மூன்று கிழமையில், சிலருக்கு இன்னும் பிந்தி, அந்தரங்க இடத்தில் ஒரு புண் வரும். அந்தப் புண் வலிக்காது. பெண்களுக்கு உள்ளே வந்தால் தெரியவே தெரியாது. மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் சில கிழமைகளில் அது தானாகவே ஆறிவிடும். "ஃபார்மசியில களிம்பு வாங்கிப் பூசினேன், சொகமாப் போச்சு" என்று ஆண்கள் பலர் சொல்வது இதைத்தான். ஆறியது புண் மட்டும்தான். கிருமி இரத்தத்தில் இருக்கிறது. பிறகு சிலருக்கு உள்ளங்கை, உள்ளங்கால் உட்பட உடம்பில் தடிப்புத் தடிப்பாக வரும். காய்ச்சல் வரும். அதுவும் போய்விடும். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் ஒரு அடையாளமும் இல்லாமல் உள்ளே கிடக்கும். வைத்தியம் செய்யாமல் விட்டவர்களில் சிலருக்குப் பல வருஷம் கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்கும்.

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வைத்தியம் செய்யாவிட்டால் கரு கலையலாம், பிள்ளை இறந்து பிறக்கலாம், அல்லது நோயோடு பிறக்கலாம். அந்தத் தங்கச்சியின் முதல் பிள்ளை இதனால்தான் போயிற்று என்று இன்றைக்கு அடித்துச் சொல்ல முடியாது. அன்றைக்கு இரத்தம் பார்க்கவில்லையே.

நம் பாட்டன்மார் காலத்தில் இதற்குப் பாதரசம் கொடுத்தார்கள். பல் கொட்டும், வாய் புண்ணாகும், நோய் போகாது. பெனிசிலினால் இதைக் குணப்படுத்த முடியும் என்று 1943 இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். இத்தனை வருஷம் கழிந்தும் அதே மருந்துதான் இன்றைக்கும் முதல் மருந்து. பின்தட்டில் போடுகிற ஊசி. வலிக்கும், பொய் சொல்லமாட்டோம். புதிதாக வந்த நோய்க்கு ஒரு தரம் போட்டால் போதும். எப்போது வந்தது என்று தெரியாததற்கும் நாட்பட்டதற்கும் கிழமைக்கு ஒன்றாக மூன்று கிழமை போடுவார்கள். முதல் ஊசி போட்ட அன்று இரவு சிலருக்குக் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும். கிருமி சாகும்போது வருகிற காய்ச்சல் அது, ஒரு நாளில் விட்டுவிடும். ஆனால் கர்ப்பிணித் தாய்க்கு வயிறு இறுகினாலோ பிள்ளை அசைவது குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணித் தாய்மார் ஊசிக்குப் பயந்து கடையில் வேறு குளிசை வாங்கிப் போடக் கூடாது. வயிற்றுப் பிள்ளையைக் காப்பாற்ற இந்த ஊசிதான் வேண்டும்.

இரத்தச் சோதனையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வி.டி.ஆர்.எல். சில நேரம் நோய் இல்லாதவர்களுக்கும் "இருக்கிறது" என்று காட்டும். வேறு நோய்கள் இருந்தால் அப்படி வரலாம், சில கர்ப்பிணிகளுக்கும் வருவதுண்டு. அதனால்தான் இரண்டாவது சோதனை. முதல் துண்டு கையில் கிடைத்தவுடன் வீட்டில் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள். அதேபோல, கிருமி போன புதிதில் சோதித்தால் இருந்தும் "இல்லை" என்று வரலாம். சந்தேகப்படும்படி ஏதாவது நடந்திருந்தால் உடனே ஒரு தரமும் மூன்று மாதம் கழித்து ஒரு தரமும் பார்க்க வேண்டும்.

2019 ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கைக்கு ஒரு சான்று கொடுத்தது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் போவதை ஒழித்த நாடு என்பது அந்தச் சான்று. நல்ல செய்தி. ஆனால் நோயே நாட்டில் இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கர்ப்பிணித் தாய்மார் ஒவ்வொருவருக்கும் இரத்தம் பார்த்து, கண்டவுடன் மருந்து கொடுப்பதால் பிள்ளைகள் தப்புகிறார்கள். இரத்தம் கொடுப்பதும் தாய்மார், ஊசி போட்டுக்கொள்வதும் தாய்மார். தகப்பன்மார் எங்கே?

இங்கேதான் அந்தத் தங்கச்சியின் பயத்துக்கு வருகிறோம். தோட்டத்தில் ஒரு ஆண்பிள்ளை தன் வாழ்நாளில் இந்தச் சோதனையைச் செய்துகொள்ளாமலே இருந்துவிடலாம். கேட்பார் இல்லை. பெண்ணுக்கு வயிற்றில் தங்கிய ஒவ்வொரு முறையும் பார்க்கிறார்கள். ஆகவே ஒரு குடும்பத்தில் நோய் இருந்தால் அது முதலில் தெரியவருவது பெண்ணுடைய இரத்தத்தில்தான். உடனே வீட்டில் கேள்வி வருகிறது: "உனக்குத்தானே வந்திருக்கு? நீ எங்க போன?" முதலில் தெரிந்தவரே முதலில் தப்புச் செய்தவர் என்று ஆகிவிடுகிறது.

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று இரத்தம் சொல்லாது. அடையாளமில்லாமல் வருஷக்கணக்கில் கிடக்கக்கூடிய நோய் என்று மேலே சொன்னோம். கலியாணத்துக்கு முந்தியே வந்ததாக இருக்கலாம். முதல் கலியாணத்தில் வந்ததாக இருக்கலாம். புருஷன் கொண்டு வந்ததாக இருக்கலாம், பெண்சாதிக்கு வெளியில் இருந்து வந்ததாகவும் இருக்கலாம். துண்டைப் பார்த்து நாள் கணக்குச் சொல்ல எந்த வைத்தியராலும் முடியாது. ஆகவே "யாரால் வந்தது" என்ற வழக்கைக் கொஞ்சம் ஒத்திவைத்து, "இன்னொருத்தருக்கும் இருக்கா" என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

அந்தத் தங்கச்சி என்ன செய்தார் தெரியுமா? வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. மாமியாரிடம் "இரத்தக் குறைவுக்கு ஊசி போடணுமாம்" என்று சொல்லிவிட்டு, மூன்று கிழமையும் தனியாக டவுனுக்குப் போய் ஊசி போட்டு வந்தார். எங்களுக்கும் அப்போது அது சரியாகத்தான் பட்டது. அவருடைய பயத்தைப் பார்த்து, "சரி, பிறகு சொல்லிக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டோம். அது எங்கள் பிழை.

பொங்கலுக்குப் புருஷன் வந்தார். இரண்டு கிழமை நின்றார். ஆறாம் மாதத்தில் மறுபடி இரத்தம் பார்த்தபோது, இறங்கியிருக்க வேண்டிய கணக்கு ஏறியிருந்தது. ஊசி தவறவில்லை. நோய் மறுபடியும் வந்திருந்தது. ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுப்பது, ஒழுகுகிற கூரைக்குக் கீழே நின்று தலையைத் துவட்டுவது போலத்தான். இந்த நோய் ஒரு தரம் வந்து சுகமானால் இனி வராது என்பதில்லை, எத்தனை தரமும் வரும்.

இனிச் சொல்லாமல் இருக்க முடியாது. எப்படிச் சொல்வது? லயத்துக் காம்பராவில் இரகசியம் பேச முடியுமா? இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் "என்ன தடிமலா?" என்று கேட்கிறார்கள். குடித்திருக்கிற நேரத்தில் சொல்லக் கூடாது. மாமியார், நாத்தனார் முன்னால் சொல்லக் கூடாது. சம்பளத்தன்று, கடன்காரன் வந்து போன அன்று சொல்லக் கூடாது. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தால் மீதி நேரமே இல்லை என்றுதான் தோன்றும். கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது கிளினிக்கையே. "பிள்ளையைப் பத்தி டாக்டர் உங்களோடயும் பேசணுமாம்" என்று தொலைபேசியில் புருஷனுக்குச் சொன்னார். அது பொய்யும் அல்ல.

ஆள் வந்தார். தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, குடும்பநல மாது பக்கத்தில் இருக்க, தங்கச்சியே வாயைத் திறந்தார். "எனக்கு இரத்தத்துல ஒரு நோய் இருக்குன்னு சொல்லியிருக்காங்க. ஊசி போட்டேன். மறுபடியும் வந்துருச்சு. நீங்களும் இரத்தம் பார்த்தாதான் பிள்ளை தப்பும்." இவ்வளவுதான். யார்மேலும் குற்றம் சாட்டவில்லை. "எனக்கு" என்று தொடங்கி "பிள்ளை" என்று முடித்தார். இப்படிச் சொல் என்று யாரும் அவருக்குப் படிப்பிக்கவில்லை. நாங்கள்தான் அவரிடம் படித்தோம்.

அவர் எழும்பிக் கத்தினார். "நான் கொழும்புல கஷ்டப்பட்டுக் காசு அனுப்பினா நீ இங்க..." என்று தொடங்கி, எழுத முடியாததெல்லாம் பேசினார். குடும்பநல மாது அவரைப் பேசவிட்டார். பிறகு, "தம்பி, போன வருஷம் பின்னுக்கு முன்னுக்கு உங்களுக்கு அந்த எடத்துல வலியில்லாத புண் ஏதாவது வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். ஆள் பதில் சொல்லாமல் வெளியில் போய்விட்டார். அக்கா வீட்டில் போய் நான்கு நாள் நின்றார். அந்த நான்கு நாளும் தங்கச்சி ஒன்றும் நடக்காதது போலக் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய் வந்தார். ஐந்தாம் நாள் காலையில் அவர் தனியாகக் கிளினிக் வாசலில் வந்து நின்றார். புண் வந்தது உண்மைதான், களிம்பு பூசியதும் உண்மைதான் என்றார்.

இந்த இடத்தில் ஆண்பிள்ளைகளிடம் நேராகப் பேசுகிறோம். அவருக்குத் தன் உடம்பில் புண் வந்தது தெரியும். தான் எங்கே போனோம் என்பதும் தெரியும். பெண்சாதி ஒன்றும் அறியாதவர். தெரிந்தவர் வாய் திறக்காததால் தெரியாதவர் ஒரு வருஷம் சுமந்தார். சோதித்துப் பார்ப்பது, இருந்தால் மருந்து போடுவது, கூட இருப்பவருக்குச் சொல்வது என்று மூன்று வேலை இருக்கிறது. முதல் இரண்டையும் செய்துவிட்டு மூன்றாவதை விட்டுவிட்டால் முதல் இரண்டும் வீண் என்பதைத்தான் மேலே பார்த்தோம்.

சொன்னால் அடிப்பார், வீட்டைவிட்டுத் துரத்துவார் என்ற பயம் நிஜமாக இருக்கிற பெண்கள் தனியாகச் சொல்லப் போகாதீர்கள். தைரியத்தைக் காட்டுகிற இடம் இதுவல்ல. பாலியல் நோய்க் கிளினிக்கில் சொல்லுங்கள். கூட இருப்பவரை எப்படி அழைப்பது என்று அவர்கள் வழி செய்வார்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் நோயை வீட்டாருக்குச் சொல்லமாட்டார்கள். அடி உதைக்கு ஆளானவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் "நட்பு நிலையம்" என்ற தனிப் பிரிவு இருக்கிறது. சிங்களத்தில் "மித்துரு பியச" என்பார்கள். 1938 என்ற இலக்கத்துக்கு அழைத்தாலும் பெண்களுக்கு உதவி கிடைக்கும். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். புருஷன் அடிப்பது குடும்ப விஷயம் என்று தலைவர்மார் சிலர் இன்னமும் சமாதானம் பேசுகிறார்கள். அவர்களும் இதை வாசிக்கட்டும்.

எச்.ஐ.வி.யைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம், முந்திய இதழ்களிலும் எழுதியிருக்கிறோம். இலங்கையர் ஒருவருக்கு முதன்முதலாக அது கண்டுபிடிக்கப்பட்டது 1987 இல். அன்றைக்கு மருந்து இல்லை. இன்றைக்கு இருக்கிறது. முற்றாகப் போக்காது, ஆனால் தினமும் தவறாமல் குளிசை போட்டு வந்தால் கிருமி அடங்கி, ஆள் மற்றவர்களைப் போல வேலை செய்து பல காலம் வாழலாம். சோதனையில் காணமுடியாத அளவுக்குக் கிருமி குறைந்து அப்படியே நிலைத்திருந்தால் உடலுறவால் மற்றவருக்குப் போகாது என்பதும் இப்போது உறுதியாகியிருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் அந்தக் குளிசை இலவசம். "எச்.ஐ.வி. என்றால் சாவு" என்று பயந்து சோதிக்காமல் இருப்பவர்கள் பழைய கதையை நம்பிக்கொண்டு இருக்கிறார்கள்.

கொழும்புக் கடைகளிலும், ஆடைத் தொழிற்சாலைகளிலும், கட்டட வேலையிலும் இருக்கிற நம் பிள்ளைகள் ஆணோ பெண்ணோ, ஆணுறை இல்லாமல் உறவு வைத்திருந்தால், ஊருக்கு வருவதற்கு முன்னால் இரத்தம் பார்த்துவிட்டு வாருங்கள். ஆணோடு ஆண் உறவு வைத்திருப்பவர்களும் போகலாம். யாரோடு என்று கேட்பது வைத்தியத்துக்காகத்தான், புத்தி சொல்வதற்காக அல்ல. ஆணுறை மிகவும் உதவும், ஆனால் அது மூடாத இடத்தில் சிபிலிஸ் புண் இருந்தால் தொற்றலாம். ஆகவே ஆணுறை போட்டவர்களும் பார்ப்பது நல்லது. கலியாணம் பேசுகிற வீடுகளுக்கும் ஒரு சொல். பத்துப் பொருத்தமும் பார்க்கிறோம். பத்தோடு பதினொன்றாக இரண்டு பேரும் இரத்தம் பார்த்துக்கொண்டால் யாருக்கு என்ன குறை?

மத்திய கிழக்குக்குப் போக மெடிக்கல் செய்தவர்களில் சிலர் "ஃபெயில்" என்ற ஒரு சொல்லோடு திரும்பி வருகிறார்கள். ஏன் என்று ஏஜன்டு சொல்லமாட்டார், அல்லது அவருக்கே தெரியாது. அப்படி வந்தவர்கள் இன்னொரு ஏஜன்டைத் தேடி ஓடாமல் முதலில் பாலியல் நோய்க் கிளினிக்கில் காட்டுங்கள். ஊசியில் சுகமாகிற நோயாகவே இருக்கலாம். வெள்ளைப்படுகிறது என்று மறைத்துக்கொண்டு திரிகிற பெண்களும் அப்படித்தான். வெள்ளைப்படுவதெல்லாம் பாலியல் நோய் அல்ல, சாதாரணப் பூஞ்சணமாக இருக்கும். பார்த்தால்தானே தெரியும்?

எங்கே போவது? நுவரெலியா, கண்டி, பதுளை, இரத்தினபுரி, மாத்தளை, கேகாலை ஆகிய ஊர்களில் அரசாங்கப் பாலியல் நோய்க் கிளினிக் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் விசாரித்தால் வழி காட்டுவார்கள். வாசலில் கேட்கக் கூச்சமாக இருந்தால் தோட்டத்துக் குடும்பநல மாதுவிடம் எந்த நாளில் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கொழும்பில் இருப்பவர்களுக்கு மத்திய கிளினிக் கொழும்பு 10, டி சேரம் பிளேஸில். காசு வேண்டாம். தோட்டத்து டாக்டரின் கடிதம் வேண்டாம். துரைக்கோ கணக்கப்பிள்ளைக்கோ காரணம் சொல்லத் தேவையில்லை. நோயாளிகளை இலக்கத்தால்தான் அடையாளம் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு நாள் பேர் போகும், பஸ் காசு போகும், அது உண்மை. அதைக் குறைக்க, புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் ஒரே நாளில் போங்கள்.

இரகசியத்தைப் பற்றி எங்கள் பக்கக் குறையையும் ஒப்புக்கொள்கிறோம். முன்பு ஒரு கிளினிக்கில், "இந்த நாலு பேரும் கொஞ்சம் நில்லுங்க" என்று பெயரைச் சத்தமாக வாசித்துவிட்டார்கள். அன்று மாலைக்குள் கொழுந்து மடுவத்தில் அந்த நாலு பேரைப் பற்றியும் கதை வந்துவிட்டது. அதில் மூன்று பேருக்கு வெறும் இரத்தக் குறைவுதான். அதற்குப் பிறகு எங்கள் கிளினிக்குகளில் பதிந்த ஒவ்வொரு தாயையும், ஒன்றும் இல்லாதவர்களையும் சேர்த்து, தனித்தனியாகவே உள்ளே கூப்பிட்டுப் பேசுகிறோம். நேரம் எடுக்கிறது, வெளியில் காத்திருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குடும்பத்துக்கு வருவோம். ஏழாம் மாதத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஊசி போட்டார்கள். வைத்தியர் சொல்லும் வரை ஒன்றாகப் படுக்க வேண்டாம் என்றார்கள், கேட்டார்கள். அவர் கொழும்பு வேலையை விடவில்லை. விட முடியாது, கடன் இருக்கிறது. ஆனால் மூன்றாம் ஊசி போட்டு வருகிற வழியில், பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டத்துப் பாதையில் நடக்கும்போது, "என்னாலதான் வந்துச்சு" என்று பெண்சாதியிடம் சொல்லியிருக்கிறார். அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று தங்கச்சியிடம் கேட்டோம். "ஒண்ணும் சொல்லலை மிஸ்ஸி. கூட நடந்தேன். வீட்டுக்குப் போய்தான் அழுதேன்" என்றார்.

பிள்ளை மாதம் நிறைந்து பிறந்தது. பெண் பிள்ளை. அதற்கும் இரத்தம் பார்த்தார்கள், நோய் இல்லை. தாய்க்கும் தகப்பனுக்கும் கணக்கு இறங்கிக்கொண்டு வருகிறது, இன்னும் சில தடவை பார்க்க வேண்டும். இப்போது பிள்ளை பிள்ளைக்காம்பராவில் தவழ்கிறது. முனியாண்டி சாமிக்கு வைத்த நேர்த்தியால்தான் இந்தப் பிள்ளை தங்கியது என்று மாமியார் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிவருகிறார். மகனும் மருமகளும் அதை மறுத்துப் பேசுவதில்லை. நேர்த்திக்கடனுக்குச் சேவல் வாங்க அடுத்த சம்பளத்தில் காசு எடுத்து வைத்திருக்கிறார்களாம்.